அப்பா முதுகில் சுமந்து வந்தது

எங்கள் அண்ணனுக்குப் பொய் சொல்ல வராது என்று தெருவில் ஒரு பேர் உண்டு. பல் செட்டு செய்கிறவர். மேல் வரிசை சரியாகப் பொருந்தவில்லை என்று யாராவது வந்து நின்றால், ‘கொஞ்ச நாள்ல பழகிடும்’ என்று சமாளித்து அனுப்ப அவருக்குத் தெரியாது. ‘தப்பு என்னோடதுதான், குடுங்க’ என்று கையை நீட்டி வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடுவார். அறுபத்தாறு வயதில் இந்த ஒரு நல்ல பேரைத்தான் சம்பாதித்து வைத்திருக்கிறார். அப்பேர்ப்பட்ட மனிதர், வருஷத்துக்கு நாலு தடவையாவது குடும்பத்தைக் கூட்டி உட்கார வைத்து, எங்கள் அப்பா போரில் செய்த வீரச்செயலைப் பற்றி அளந்து விடுவார். நான் எதிரில் உட்கார்ந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

எனக்கு வாய் நீளம். அதுவும் தெருவுக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனால் இந்த ஒரு விவகாரத்தில் மட்டும் முப்பது வருஷம் வாயைத் திறக்கவில்லை. எல்லாம் அண்ணி முகத்துக்காக. அவர் புருஷனை அவர் எதிரிலேயே புளுகர் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

கதை இதுதான். அப்பா போரில் பல் பிடுங்கும் வேலையில் இருந்தார். படை பின்வாங்கும்போது வழியில் ஒரு ஆறு. பாலத்தைத் தகர்த்துவிட்டார்கள். கரைக்குக் கரை ஒரு கயிறு கட்டியிருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டு கடக்க வேண்டும். அப்பாவின் கூட்டாளி ஒருவர், நெட்டை என்று கூப்பிடுவார்களாம், காலில் குண்டடி பட்டு நடக்க முடியாமல் கிடக்கிறார். அப்பா அவரை முதுகில் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடக்கிறார். அக்கரையில் படைத்தலைவரே நேரில் வந்து கையைக் குலுக்கி, பல் பிடுங்கும் கருவிகள் இருந்த பெட்டியை ‘இது உனக்குத்தான்’ என்று பரிசாகக் கொடுக்கிறார். அந்தப் பெட்டியை வைத்து அப்பா ஊருக்கு வந்து ஆஸ்பத்திரி திறந்தார், கல்யாணம் செய்துகொண்டார், எங்களைப் பெற்றார். ஆக நாங்கள் எல்லோரும் அந்த ஆற்றிலிருந்து வந்தவர்கள்.

முதல் தடவை சொன்னபோது ஆற்றில் முழங்காலளவு தண்ணீர். என் மகன் பிறந்த வருஷம் அது இடுப்புக்கு ஏறியது. அண்ணன் மகள் கல்யாணத்துக்கு வந்த சம்பந்தி வீட்டாருக்கு மார்பளவு. பேத்திக்குச் சொல்லும்போது அப்பா நீந்தினார். அடப்பாவமே, அப்பாவுக்கு நீச்சலே தெரியாது. குளியலறைத் தொட்டியில் தண்ணீர் நிரம்பினாலே வெளியே வந்து நிற்கிற மனிதர் அவர்.

முதல் தடவை என்று சொன்னேனே, அப்போது அப்பா உயிரோடுதான் இருந்தார், அதே அறையில்தான் இருந்தார். வீட்டுக்கு வந்த ஒருவர், ராத்திரிக்கு அப்பா கண்ணாடி அலமாரியில் கொண்டு வந்து வைக்கும் பெட்டியைக் காட்டி ‘இது ஏது?’ என்று கேட்டார். அப்பா வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டு ஆறு, கயிறு, நெட்டை என்று அவிழ்த்து விட்டார். அப்பா இல்லை என்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. எழுந்து போய்க் கை கழுவினார். பிள்ளை ஆசைப்பட்டுச் சொல்கிறான், இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார் போல என்று நினைத்துக்கொண்டேன். செல்லப்பிள்ளை அல்லவா.

எனக்கு எப்படிப் பொய் என்று தெரியும்? நான்தான் முன்னறையில் இருந்தேனே. எங்கள் ஆஸ்பத்திரி வரிசையாக மூன்று அறை. முன்னறையில் நோயாளிகள் உட்காரும் பெஞ்சு, என் மேஜை, போன். நடு அறையில் அப்பாவும் நாற்காலியும். பின்னறையில் அண்ணன், அவருடைய மெழுகு, சாந்து, பாலிஷ் மோட்டார். நடுவில் சுவர் கிடையாது, வெறும் பலகைத் தடுப்பு. ஒருவர் தும்மினால் மூன்று அறைக்கும் கேட்கும்.

அப்பா வீட்டில் பேச மாட்டார். ‘போர்ல என்னப்பா பண்ணினீங்க?’ என்று கேட்டால், ‘பல்லு புடுங்கினேன்’ என்பார். அதோடு சரி. ஆனால் ஆஸ்பத்திரி நாற்காலியில் யாராவது வாயைப் பிளந்துகொண்டு சாய்ந்துவிட்டால் போதும், எங்கிருந்துதான் வருமோ, பேச்சு கொட்டும். எதிர்க்கேள்வி கேட்க முடியாத ஆள்தான் அவருக்கு வாகான ஆள். கதைகளுக்கு அளவுகூட வைத்திருந்தார். பல் பிடுங்குகிறவருக்குச் சின்னக் கதை, சொத்தை அடைக்கிறவருக்குக் கொஞ்சம் பெரியது. பல் பிடுங்கும் குறடு ஒன்றைக் கண்ணால் பார்த்ததுமே மயங்கி விழுந்த படைத்தலைவர். ஒரு நாள் ஓய்வு கிடைக்கும் என்று நல்ல பல்லைப் பிடுங்கச் சொல்லி வரிசையில் நின்ற சிப்பாய்கள். பேசுவதற்கு மேடையேற வேண்டிய நேரத்தில் பல் செட்டைத் தொலைத்துவிட்டு, சமையல்காரருடையதைக் கழுவி மாட்டிக்கொண்டு வீரமுழக்கம் செய்த அதிகாரி. எல்லாம் என் இரண்டு காதாலும் கேட்டவை. ஒன்றில்கூட ஆறு இல்லை, நெட்டை இல்லை, யாரும் யார் முதுகிலும் ஏறவில்லை.

ஒரே ஒரு இடைவெளி உண்டு, அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பல் செட்டுக்கு அச்சு எடுக்கும்போது, குழைத்த சாந்தை ஒரு தட்டில் வைத்து நோயாளியின் வாய்க்குள் அமுக்கிப் பிடித்திருப்பார் அப்பா. இறுகுவதற்கு ஐந்து நிமிஷம் ஆகும். அந்த ஐந்து நிமிஷமும் அப்பா குனிந்து ஏதோ சொல்லிக்கொண்டிருப்பார். அது மட்டும் எனக்குக் கேட்டதில்லை. ஏனென்றால் நேரம் காலம் தெரியாத எங்கள் அண்ணன் சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் பாலிஷ் மோட்டாரைப் போடுவார். கர்ர்ர் என்று மண்டையைப் பிளக்கும்.

“அண்ணே, அந்தச் சனியனை நிறுத்தித் தொலைங்களேன்! போன்ல ஒண்ணும் கேக்கல!” என்று நான் கத்துவேன்.

“பளபளப்பு வர வேணாமா?” என்று உள்ளேயிருந்து பதில் வரும்.

பளபளப்பு. முப்பது வருஷம் அந்தப் பளபளப்பை நான் திட்டாத நாள் இல்லை.

அப்பா போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அவரோடு பல் பிடுங்கும் வேலையும் போயிற்று. அண்ணன் வெளி டாக்டர்களுக்குப் பல் செட்டு செய்து தருகிறார். நான் இன்னும் அதே மேஜையில் அதே போனை எடுக்கிறேன். அப்படியிருக்கும்போது ஒரு நாள் நூலகத்திலிருந்து கடிதம் வந்தது. போருக்குப் போய்வந்து பிறகு இறந்துபோனவர்களின் நினைவுகளை அவரவர் குடும்பத்தார் வாயால் சொல்லிப் பதிவு செய்கிறார்களாம். அழியாமல் நிரந்தரமாக இருக்குமாம். அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. புதுச் சட்டை வாங்கினார். கண்ணாடி முன்னால் நின்று தொண்டையைக் கனைத்துப் பழகினார்.

வீட்டுக்குள் புளுகினால் அது நம்மோடு போகும். நிரந்தரமாகப் புளுகுவதா? மயங்கி விழுந்த படைத்தலைவரும் நல்ல பல்லைக் கொடுத்த சிப்பாய்களும் காற்றோடு போய்விட, நீச்சல் தெரியாத மனிதர் நீந்திக்கொண்டே இருப்பாரா, உலகம் உள்ளவரைக்கும்? அப்பா சிரிக்கச் சிரிக்கப் பல் பிடுங்கினார். அதுவே போதாதா? அண்ணன் சொல்லி முடித்ததும் நான் வாயைத் திறப்பது என்று முடிவு செய்தேன். அண்ணியிடம் முன்கூட்டியே சொல்லியும் விட்டேன்.

“அண்ணி, கோவிச்சுக்காதீங்க. நாளைக்கு நான் உண்மையைச் சொல்லப் போறேன்.”

“எந்த உண்மையை?”

“அப்பா யாரையும் தூக்கிட்டு வரலேங்கிறதை.”

அண்ணி காய் நறுக்குவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “அவரு பாவம்மா. இந்த ஒரு கதைதான் அவருக்குச் சொல்லத் தெரியும். நாலு பேர் எதிர்ல வெச்சு மானத்தை வாங்கிடாதே.”

“அதுக்காகப் பொய்யை விட்டுடறதா?” என்று கேட்டேன். நீதிதேவதை மாதிரி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டேன். இப்போது நினைத்தால் எனக்கே கூசுகிறது.

மறுநாள் நூலகத்துப் பெண் ஆஸ்பத்திரிக்கே வந்தாள். சின்ன வயது, நல்ல பிள்ளை. என் மேஜையை இழுத்து நடு அறையில் போட்டு, கருவியை வைத்தாள். அண்ணன் புதுச் சட்டையில் உட்கார்ந்தார். நான் பக்கத்தில். அண்ணி வாசல் பக்கம் பெஞ்சில், முந்தானையை முறுக்கிக்கொண்டு.

அண்ணன் தொடங்கப் போனவர், என்ன தோன்றியதோ, நிறுத்தினார். “இதை யாரு கேப்பாங்கம்மா?”

“யாரு வேணும்னாலும் வந்து கேக்கலாம் சார். இப்போதைக்கு அதிகமா வர்றவங்க காணாமப் போனவங்க வீட்டு ஆளுங்கதான். யாராவது நம்ம ஆளைப் பத்திப் பேசியிருக்காங்களான்னு ஒவ்வொண்ணா உக்காந்து கேக்கறாங்க.”

“இத்தனை வருஷம் கழிச்சா?”

“தினமும் வர்றவங்க இருக்காங்க சார்.”

அண்ணன் மேஜை விளிம்பில் ஒட்டியிருந்த பழைய சாந்தை நகத்தால் சுரண்டினார். அண்ணி வாசலிலிருந்து ‘ஆரம்பிங்களேன்’ என்று சைகை செய்தார். பேச்சு மறந்துபோய்விட்டதாக்கும் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம்.

“எங்கப்பா நெட்டையைத் தூக்கிட்டு வரல” என்றார் அண்ணன்.

நான் சொல்ல வேண்டியதை அவரே சொல்லிவிட்டார். எனக்கு ஒரு நொடி ஏமாற்றமாகக்கூட இருந்தது. ஆனால் அவர் நிறுத்தவில்லை.

“ஆறு இருந்துச்சு. நெட்டைக்குக் காலில குண்டு பட்டிருந்துச்சு. அதெல்லாம் நெசம். கயித்தை ஒரு கையில புடிச்சுக்கிட்டு ஒரு சுமையைத்தான் கொண்டு போக முடியும். பெட்டி எங்கப்பா கையெழுத்துப் போட்டு வாங்கினது, தொலைச்சா தண்டனை. அத்தனை நாளா அந்தப் பெட்டியை முதுகில சுமந்துக்கிட்டு வந்தவரு நெட்டைதான். அவரே சொன்னாராம், ‘மொதல்ல பெட்டியைக் கொண்டுபோய் வெச்சிட்டு வா’ன்னு. அப்பா பெட்டியை முதுகில கட்டிக்கிட்டு அக்கரைக்குப் போனாரு.”

“அப்புறம் கயிறு அறுந்துடுச்சா சார்?” என்று கேட்டாள் அந்தப் பெண்.

“இல்லம்மா. கயிறு இருந்துச்சு.”

“அப்போ?”

“அப்பா திரும்பிப் போகல. பயமா இருந்துச்சாம். வேற காரணம் எதுவும் அவர் சொன்னதில்ல. கரையில உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தாராம். நெட்டை அந்தப் பக்கத்திலேருந்து கையை ஆட்டினாராம். சீக்கிரம் வான்னு ஆட்டினாரா, வேணாம் நீ போன்னு ஆட்டினாரான்னு அப்பாவுக்குக் கடைசி வரைக்கும் தெரியல. எல்லாரும் கெளம்பினப்போ பெட்டியை எடுத்துக்கிட்டு அவரும் கெளம்பிட்டாரு. யாரும் கையைக் குலுக்கல. பெட்டியைத் திருப்பிக் கேக்கவும் ஆளில்ல.”

“உங்ககிட்ட எப்போ சொன்னாரு?”

“எங்கிட்ட எங்க சொன்னாரு? அச்சு எடுக்க வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லுவாரு. வாயில சாந்து அடைச்சு, மூக்கால மூச்சு விடவே திண்டாடிக்கிட்டு இருக்கிற ஆளுங்ககிட்ட. அவங்களுக்கு அது மண்டையில ஏறியிருக்காது. எனக்குத் தடுப்புக்கு அந்தப் பக்கம் கேட்டுச்சு. மொத தடவை கேட்டுட்டு ரெண்டு நாள் சாப்பிடல. அடுத்த தடவைலேருந்து, அவர் ஆத்துக்கிட்ட வந்ததும் மோட்டாரைப் போட்டுடுவேன். முன்னாடி பெஞ்சில நாலு பேர் இருப்பாங்க.” அண்ணன் என் பக்கம் திரும்பவில்லை. “தங்கச்சியும் இருப்பா.”

எனக்கு என்ன நடந்தது என்று இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. தினமும் காலையில் அந்தப் பெட்டியைத் திறந்து குறடுகளைக் கொதிக்க வைத்தது நான். துடைத்து வரிசையாக அடுக்கியது நான். அப்பா மேல் கோபம் வந்தது. சொல்லாமல் வைத்திருந்த அண்ணன் மேல் கோபம் வந்தது. எதிரில் குறிப்பெழுதிக்கொண்டிருந்த அந்தப் பெண் மேல்கூட, என்னமோ அவள்தான் கயிற்றைக் கட்டியவள் மாதிரி, கோபம் வந்தது. உண்மையைச் சொல்லப் போகிறேன் என்று வந்தவள் வாயைத் திறந்தேன்.

“பொய்! அவர் சொல்றது சுத்தப் பொய்! எங்கப்பா தூக்கிட்டுத்தான் வந்தாரு.”

அண்ணி பெஞ்சிலிருந்து எழுந்து நின்றுவிட்டார்.

“எங்கிட்டயே சொல்லியிருக்காரு” என்றேன். “மார்பளவு தண்ணி. முதுகில தூக்கிக்கிட்டு வந்து, அக்கரையில ராணுவ ஆஸ்பத்திரியில சேத்துட்டுத்தான் வந்தாரு. படைத்தலைவரே வந்து கையைக் குலுக்கினாரு. பெட்டி அவர் குடுத்த பரிசு.”

இத்தனையும் அண்ணன் சொன்ன கதை. ஒரு வார்த்தை பிசகவில்லை. ராணுவ ஆஸ்பத்திரி மட்டும் என் சொந்தச் சரக்கு.

“உங்க அண்ணனுக்கு வேற மாதிரி கேட்டிருக்கே மேடம்?”

“மோட்டார் சத்தத்துல அவருக்கு என்னம்மா கேட்டிருக்கும்?” என்றேன். துணிச்சலைப் பாருங்கள்.

அந்தப் பெண் அண்ணனைப் பார்த்தாள். அவர் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. ரெண்டையும் அப்படியே வைத்துக்கொள்வதுதான் அவர்கள் வழக்கம், கேட்கிறவர்கள் முடிவு செய்துகொள்ளட்டும் என்று சொல்லி, போன் நம்பரைக் குறித்துக்கொண்டு போனாள். நம்பரைக் கொடுத்தவள் நான். போன் எடுக்கிறவள் நான்தானே.

அவள் போனதும் அண்ணி என் எதிரில் வந்து நின்றார். “முப்பது வருஷமா அவரு சொல்லும்போதெல்லாம் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு உக்காந்திருப்பியே, நீதானே அது?” என்று மட்டும் கேட்டார்.

அண்ணன் புதுச் சட்டையைக் கழற்றிவிட்டுப் பழையதைப் போட்டுக்கொண்டு வேலைக்கு உட்கார்ந்தார். பின்னாலேயே போய் நின்றேன்.

“வீட்ல எதுக்கு அப்படிச் சொல்லிக்கிட்டு இருந்தீங்க? இத்தனை வருஷமா?”

“பெட்டியைப் பத்திக் கேட்டாங்க. அப்பா சொல்லிடுவாரோன்னு பயந்து வாயில வந்ததைச் சொன்னேன். அப்புறம் புள்ளைங்க கேக்க ஆரம்பிச்சிடுச்சு. நிறுத்த முடியல.”

“இன்னிக்கு மட்டும் என்ன வந்துச்சு?”

“நம்ம வீட்டுக்குள்ள அது நம்ம கதை” என்றார். மெழுகைச் சூடு காட்டிக்கொண்டிருந்தார். “அங்க யாரோ காத்துக்கிட்டு இருக்காங்கன்னு அந்தப் பொண்ணு சொன்னப்புறம் எப்படிச் சொல்றது?”

நான் என் மேஜையை முன்னறைக்கு இழுத்துக்கொண்டு போனேன். வாய் நீளம் என்று பேரெடுத்தவள்.

அதன் பிறகு அவர் அந்தக் கதையைச் சொல்லவில்லை. பேத்தி வந்து கேட்டால், ‘அத்தைப் பாட்டிகிட்டக் கேளு’ என்று என்னிடம் அனுப்பிவிடுவார். நான் படைத்தலைவர் மயங்கி விழுந்த கதையைச் சொல்லிச் சமாளிப்பேன். நாலு மாதம் இப்படி ஓடியது. யாரும் கேட்கப் போவதில்லை, ஆயிரத்தில் ஒன்றாக அது எங்கேயோ கிடக்கும் என்று நானும் மெல்ல மெல்ல நிம்மதியாகிவிட்டேன்.

ஒரு நாள் காலை பதினொரு மணிக்குப் போன் வந்தது. கீழ் வரிசைப் பல் செட்டு ஒன்று தயாராகிவிட்டதா என்று கேட்க வேண்டிய டாக்டர்தான் என்று எடுத்தேன். வயசான பெண் குரல்.

“நூலகத்துல பேசினது நீங்கதானே? குரலைக் கேட்டதுமே தெரியுது” என்றார். “எங்கப்பா ரொம்ப உயரம். பல் டாக்டருக்குப் பெட்டி தூக்குற வேலைன்னு எங்கம்மாவுக்கு லெட்டர் போட்டிருந்தாரு. அதுதான் கடைசி லெட்டர். அப்போ நான் வயித்துல.”

நான் ஏதோ முனகினேன்.

“உங்க அண்ணன் பேசினதை ஒரு தடவை கேட்டேன்மா. தாங்க முடியல. நீங்க பேசினதை எத்தனை தடவை கேட்டேன்னு எனக்கே தெரியாது.” சிரித்தார். “ராணுவ ஆஸ்பத்திரியில சேத்தாருன்னு சொன்னீங்களே, அது எந்த ஆஸ்பத்திரின்னு உங்கப்பா சொன்னாரா? எம் பையன் பழைய பதிவெல்லாம் தேடறான். ஊர் பேர் தெரிஞ்சாப் போதும். அங்கேருந்து எங்க போனாருன்னு கண்டுபுடிச்சிடலாம்.”

ஒரு ஊர் பேர் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது, சத்தியமாகச் சொல்கிறேன். அவ்வளவு சுலபம் அது. ஒரு பேரைச் சொல்லியிருந்தால் அந்தம்மா சந்தோஷமாகப் போனை வைத்திருப்பார், அவர் பையன் கிளம்பிப் போய் அந்த ஊரில் வருஷக்கணக்கில் தேடியிருப்பான். எங்கள் அப்பாவும் நல்லவராக இருந்திருப்பார்.

“அம்மா” என்றேன். “நான் சொன்னது பொய். எங்கண்ணன் சொன்னதுதான் நெசம். எங்கப்பா அவரைக் கொண்டு வரல. வர்றேன்னு சொல்லிட்டுப் போய், திரும்பிப் போகவே இல்ல. என்னை மன்னிச்சிடுங்க.”

வைத்துவிட்டாரோ என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டு வாங்கத் தயாராகத்தான் போனைக் காதில் அழுத்திப் பிடித்திருந்தேன்.

“அப்போ அந்த ஆத்தை அவர் தாண்டவே இல்லியா?” என்று கேட்டார்.

“இல்லம்மா.”

“சரி.” மூச்சை இழுத்துவிடுவது கேட்டது. “அப்போ பையன்கிட்ட, இனிமே தேட வேணாம்னு சொல்லிடட்டுமா?”

“சொல்லிடுங்கம்மா” என்றேன்.